கைமுதல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளம் ஒரு குடும்பத்தின் அச்சத்தைத் தணிக்கிறது. அதனை ஒருவர் தாமாகவே விட்டு விலகினால், "ஏன் விட்டாய்?" என்பதே ஊரார் கேட்கும் முதற்கேள்வி. "எதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய்?" என்று கேட்பவர் அரியர். கோவைக்கு அருகில் நிலமற்ற உழவர் குடும்பத்தில் பிறந்து, நடுவணரசின் ஆய்வு நிறுவனமொன்றில் பணியாற்றி, பின்னர் அப்பணியைத் துறந்து மருத்துவப் பரிசோதனைச் சேவையைத் தொடங்கியவர் ஆ. வேலுமணி. அவர் வரலாற்றின் வழியாக, இரண்டாம் கேள்விக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பாவு பிணைப்பவர்

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் தெள்ளார். இவ்வூர்ப் போரில் பெற்ற வெற்றியால் மூன்றாம் நந்திவர்மன் 'தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்' என்று அழைக்கப்பெற்றான். நந்திக்கலம்பகத்தின் பாட்டுடைத் தலைவனும் அவனே. அந்த ஊரின் இன்றைய விடியற்காலை வேறு வகையானது. செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் வட்டாரத்துச் சிற்றூர்களைச் சுற்றி வருகின்றன. சென்னை செல்லும் பேருந்துகளில் தோள்பையோடு இளைஞர்கள் ஏறுகின்றனர். மேற்கே, ஆரணியைச் சூழ்ந்த ஊர்களில் பட்டுத்தறிகளின் ஓசை எழுகிறது. தந்தை கூலித்தறியில் நெய்ய, மகளோ மகனோ நிறுவனம் ஒன்றில் மாதச் சம்பளம் பெறும் வீடுகள் இப்பகுதியில் பல.

கூலித்தறியில் பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியுடையவை. நெய்பவருக்கு உரியது சேலைக்கான கூலி மட்டுமே. தறி வைத்திருப்பவர், கூலிக்கு நெய்பவர் என்னும் இருவரையே நாம் பெரும்பாலும் காண்கிறோம். இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உண்டு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துத் தருபவர் அவர். பட்டுப்பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றுள் ஒன்று இடம்மாறினாலும் சேலையின் முழுநீளத்திலும் பிழை ஓடும். பிணைத்தவர் கூலி பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றபின்னரே அப்பிழை கண்ணுக்குத் தெரியும். எனவே அவரை அழைக்கும்போது நெசவாளர் அவருடைய பொருள் எதனையும் பார்த்து அழைப்பதில்லை. அவர் விற்பதற்குப் பொருளும் இல்லை. "அவர் கை தப்பாது" என்று நான்கு வீட்டார் சொன்ன சொல்லை நம்பியே அழைக்கின்றனர்.

சேவைத் தொழிலின் இயல்பு முழுவதும் இந்த எளிய காட்சியில் அடங்கியிருக்கிறது. சேலையைச் செய்து அடுக்கிவைக்கலாம். சேவையை அடுக்கிவைக்க இயலாது. வாங்குபவர் அதனை முன்கூட்டியே தொட்டுப் பார்க்கவும் இயலாது. செய்பவர் கொடுக்கும் வாக்கும், அந்த வாக்கின்மீது பிறர் வைக்கும் நம்பிக்கையுமே அங்கு விற்பனைக்கு வருகின்றன. சம்பளப் பணியை விட்டு இத்தகைய தொழிலுக்கு வருபவர் பணமின்றித் திணறுவதைவிட, இந்த நம்பிக்கையின்றித் திணறுவதே மிகுதி.

நூற்றைம்பது ரூபாய்ச் சம்பளம்

வேலுமணி 1959 ஆம் ஆண்டு கோவை மாவட்டத்து அப்பநாயக்கன்பட்டி புதூரில் பிறந்தார். தந்தைக்குச் சொந்த நிலம் இல்லை. தாயார் எருமைகளை வளர்த்து, பால் விற்று வந்த வருவாயில் குடும்பத்தைத் தாங்கினார். வாரத்திற்கு ஐம்பது ரூபாய் அளவில் வந்த அந்தப் பால்பணத்தைப் பற்றிப் பிற்காலத்தில் வேலுமணி பல மேடைகளில் பேசியிருக்கிறார். செலவைச் சுருக்கும் கலையைத் தாயாரிடமே கற்றதாக அவர் குறிப்பிடுவதுண்டு.

கோவையில் வேதியியலில் இளம் அறிவியல் பட்டம் பெற்றபின், மாத்திரைக் கூடுகள் தயாரிக்கும் சிறு தனியார் நிறுவனம் ஒன்றில் நூற்றைம்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அந்நிறுவனம் மூடப்பட்டது. இச்செய்தியை வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் பதினோராம் வகுப்பில் பயிலும் நீங்கள் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இது. சம்பள வேலை உறுதியானது, சொந்தத் தொழில் உறுதியற்றது என்று நாம் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறோம். சம்பளமும் யாரோ ஒருவருடைய தொழிலிலிருந்தே வருகிறது. அத்தொழில் நின்றால் சம்பளமும் நிற்கிறது. இருபது வயதைக் கடந்த நிலையில் வேலுமணி இதனை நேரில் அறிந்தார்.

அடுத்து அவர் நாடியது ஒருபோதும் மூடப்படாத நிறுவனத்தை. 1982 இல் மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். அம்மையத்தின் ஒரு பிரிவாகப் பரேல் பகுதியில் இயங்கிய கதிரியக்க மருத்துவ மையம் அவருடைய பணியிடமாயிற்று. தைராய்டு நோய்களுக்கான ஆய்வு அங்கு நடைபெற்றது. தைராய்டுச் சுரப்பி உடலில் எங்கு இருக்கிறது என்பதே அப்போது தமக்குத் தெரியாது என அவரே கூறியிருக்கிறார். அறியாமையை ஒளிக்காத இந்த ஒப்புதல் எனக்குப் பிடித்தமானது. பணியில் இருந்துகொண்டே மேற்படிப்புப் படித்து, தைராய்டு உயிர்வேதியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். உதவியாளராக நுழைந்தவர் அறிவியலாளராக உயர்ந்தார்.

அந்த ஏறத்தாழ 14 ஆண்டுகளை, 'அடிமை வேலையில் வீணான காலம்' என்று எழுதுவோர் உண்டு. தொழில்முனைவோரைப் புகழும் ஆர்வத்தில் நேரும் பிழை அது. அந்த ஆண்டுகள் இல்லையெனில் பின்னால் வந்த தொழிலே இல்லை.

குழாய்களின் கணக்கு

அவர் கற்ற நுட்பத்தைச் சிறிது விளங்கிக்கொண்டால்தான், அவர் கண்டறிந்த வாய்ப்பு நமக்குப் புலப்படும்.

தைராய்டுச் சுரப்பி வெளியிடும் இயக்குநீர்கள் குருதியில் மிக மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கின்றன. சாதாரண வேதியியல் முறைகளால் அவற்றை அளப்பது கடினம். 1950களில் அமெரிக்காவில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகிய இருவரும் கதிரியக்கத்தைப் பயன்படுத்தி இத்தகைய நுண்ணளவுகளை அளக்கும் முறையை உருவாக்கினர். அதற்காக யாலோவுக்கு 1977 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பெர்சன் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

இம்முறையில் நோயாளியின் குருதியை மட்டும் தனியே சோதித்தால் அளவு தெரியாது. அளவு முன்பே தெரிந்த சில மாதிரிகளையும் அதனுடன் சேர்த்துச் சோதிக்க வேண்டும். துணியை அளக்க அளவுகோல் தேவைப்படுவது போன்றது இது. ஒரு வேறுபாடு உண்டு. துணிக்கடை அளவுகோல் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இந்த அளவுகோலையோ ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்தாக வேண்டும். ஒரு கணக்கைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். அளவுகோலுக்கும் தரச் சோதனைக்கும் 20 குழாய்கள் தேவை; நோயாளி ஒருவருக்கு 2 குழாய்கள் தேவை. நோயாளிகள் ஐவர் மட்டும் வந்தால் மொத்தம் 30 குழாய்கள். அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு அளவுகோலுக்கே செலவாகிறது. நூறு பேர் வந்தால் மொத்தம் 220 குழாய்கள். அளவுகோலின் செலவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இச்சோதனைக்குப் பயன்படும் அயோடின்-125 என்னும் கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 60 நாள். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், இரண்டு மாதங்களில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். அரிசியைப்போல மூட்டையில் கட்டி வைக்க இயலாத மூலப்பொருள் அது. ஆதலால் சிறிய பரிசோதனைக்கூடம் ஒன்றிற்கு இரண்டே வழிகள் இருந்தன: கட்டணத்தை உயர்த்துவது, அல்லது போதிய மாதிரிகள் சேரும்வரை நோயாளியைக் காக்கவைப்பது. ஆரணிச் சாயப்பட்டறையில் ஒரு கழி நூலுக்காக யாரும் கொப்பரையில் நீர் காய்ச்சமாட்டார்கள். நூல் சேரட்டும் என்று காத்திருப்பார்கள். நோயாளியோ நூலைப்போலக் காத்திருக்க இயலாது.

பல ஊர்களின் குருதி மாதிரிகளை ஒரே இடத்தில் குவித்துவிட்டால் கட்டணமும் குறையும், காத்திருப்பும் குறையும். வேலுமணி கண்ட வாய்ப்பு இதுதான். இதனை நூலகத்தில் அமர்ந்து அவர் கண்டுபிடிக்கவில்லை. நாள்தோறும் குழாய்களைக் கையாண்ட பணியிலிருந்தே இது பிறந்தது.

விலகல்

1990களின் நடுப்பகுதியில், நாற்பதை நெருங்கும் வயதில், அவர் பணியிலிருந்து விலகினார். அது தனியார் நிறுவன வேலையினும் உறுதியான நடுவணரசுப் பணி. ஓய்வூதியமும் குடியிருப்பும் மருத்துவ வசதியும் உடையது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தனர். பணிக்காலத்தில் சேர்ந்த வருங்கால வைப்புநிதியாகக் கிடைத்தது ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய். மும்பையின் பைகுல்லாவில் சிறிய வாடகை இடம் ஒன்றில் அப்பணத்தைக் கொண்டு 1996 இல் தைரோகேர் நிறுவனத்தைத் தொடங்கினார்.

வகுப்பில் இவ்வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் ஒருவரேனும், "ஐயா, அது தோற்றுப்போயிருந்தால்?" என்று கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். வென்றவர் கதைகளே அச்சேறுகின்றன; வைப்புநிதியை இழந்து மீண்டும் சம்பளப் பணி தேடிச் சென்றவர்களைப் பற்றி எவரும் பாடம் எழுதுவதில்லை. அவர்கள் எண்ணிக்கையே மிகுதியாக இருக்கக்கூடும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் இக்கேள்விக்கு நெருங்கி வருகிறது. வருகின்ற ஊதியத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வாறெனில் வேலுமணியின் செயல் அறிவுடையதா? விடை, எதனை 'முதல்' என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. வைப்புநிதிப் பணம் மட்டுமே முதல் என்றால், அவர் செய்தது சூதாட்டத்திற்கு அருகில் நிற்கும். ஆனால் அவருடைய கைமுதல் அந்தப் பணம் அன்று. தைராய்டுச் சோதனையில் பெற்ற தேர்ச்சியும், அத்துறை மருத்துவர்களிடையே பெற்ற அறிமுகமும் ஆகும். தொழில் தோற்றிருந்தாலும் இவ்விரண்டும் அவரை விட்டு நீங்கியிரா. இன்னொரு பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்திருக்கும். இழக்க நேர்ந்திருப்பது பணமும் சில ஆண்டுகளும்.

தாம் அறியாத துறையில், பிறர் சொல் கேட்டு, வீட்டை அடகுவைத்து இறங்குபவரின் நிலை வேறு. இரண்டையும் 'துணிவு' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது நம் மொழிவழக்கிலுள்ள ஒரு குறை.

இரவில் விழித்திருந்த கூடம்

தொடக்க நாள்களில் மாதிரிகள் தேடி வரவில்லை. மருத்துவமனைகளுக்கும் சிறு பரிசோதனைக்கூடங்களுக்கும் வேலுமணியே சென்று சேகரித்தார். பகலில் அலைந்து, இரவில் சோதித்தார். அந்தச் சிறு கூடங்களை அவர் போட்டியாளராகக் கருதாமல் வாடிக்கையாளராகக் கருதினார் என்பது கவனிக்கத்தக்கது. தைராய்டுச் சோதனையைத் தாமே செய்தால் அவர்களுக்கு நட்டம். அவரிடம் அனுப்பினால் ஊதியம். கட்டணத்தைச் சந்தை நிலவரத்தினும் மிகக் குறைவாக வைத்தார். குறைந்த கட்டணம் மாதிரிகளைப் பெருக்கியது. பெருகிய மாதிரிகள் செலவைக் குறைத்தன. செலவு குறைந்ததால் கட்டணத்தை மேலும் குறைக்க முடிந்தது.

பின்னர் நாடெங்கும் முகவர்கள் அமைந்தனர். பகலில் அவர்கள் திரட்டும் குருதி மாதிரிகள் மாலை வானூர்திகளில் மும்பைக்கு வந்து சேரும். நவி மும்பையில் நிறுவப்பட்ட பெரிய ஆய்வகம் இரவு முழுவதும் இயங்கும். விடியும்போது முடிவுகள் உரிய ஊர்களுக்குச் சென்றுவிடும். சிறிய நகரத்து நோயாளி ஒருவர் தம் ஊரிலேயே குருதி கொடுத்து, ஓரிரு நாள்களில் முடிவைப் பெறலானார். இதில் எந்தப் புதிய மருந்தும் இல்லை, புதிய கருவியும் இல்லை. இருந்தவற்றைச் சேர்த்துப் பிணைத்ததே புதுமை.

தொடக்கத்தில் தைராய்டு ஒன்றை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டதும் தற்செயல் அன்று. எல்லாச் சோதனைகளையும் செய்து தருவதாகச் சொல்வது எளிது. ஆனால் பொய்க்காத வாக்கை அவரால் அப்போது அந்த ஒன்றில்தான் கொடுக்க முடிந்தது. மற்றச் சோதனைகள் பின்னர் வந்தன.

தெரிந்து தெளிவோம்

திருக்குறுங்குடியில் 1877 இல் பிறந்த தி. வே. சுந்தரம் அய்யங்கார் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றியவர். சம்பளப் பணியை விட்டு, 1911 இல் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். அவருடைய பேருந்து வரும் நேரத்தைக்கொண்டு மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்று மதுரை வட்டாரத்தில் இன்றும் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கரியிலிருந்து பெறும் வளியால் பேருந்தை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் தயாரித்தது. எரிபொருள் கிடைக்காவிடினும் 'வண்டி வரும்' என்ற வாக்கைக் காக்க அவர்கள் கண்ட வழி அது.

சென்னை மடிப்பாக்கத்தில் வளர்ந்த சரத்பாபுவின் தாயார் இட்லி விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். சரத்பாபு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிக் கல்விக்கடனை அடைத்தார். பின்னர் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்றார். 2006 இல் படிப்பை முடித்ததும் நிறுவனப் பணியை ஏற்காமல், உணவு வழங்கும் சேவை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

வங்கிப் பணியை விட்டவர்

வேலுமணியின் துணைவியார் சுமதி, பாரத ஸ்டேட் வங்கியில் பணியாற்றியவர். கணவர் அரசுப் பணியை விட்டபின் அந்த வங்கிச் சம்பளமே குடும்பத்தின் ஒரே உறுதியான வருவாயாக எஞ்சியது. பெரும்பாலான குடும்பங்களில் இந்நிலையில் எடுக்கப்படும் முடிவு ஒன்றுதான்: ஒருவர் இடர் ஏற்பார், மற்றவர் சம்பளத்தைக் காத்துநிற்பார். சுமதி தம் வேலையையும் விட்டுவிட்டுத் தைரோகேரில் சேர்ந்தார். நிறுவனத்தின் முதல் பணியாளர் என்று வேலுமணி அவரையே குறிப்பிடுகிறார். பணியாளர்களை அமர்த்துவதும் அவர்களைப் பேணுவதும் சுமதியின் பொறுப்பாயின.

இரண்டு உறுதியான சம்பளங்களை ஒரே குடும்பம் துறந்த இம்முடிவை எல்லார்க்கும் உரிய வழிகாட்டுதலாகக் கொள்ளலாகாது என்பது என் கருத்து. வேறொரு குடும்பத்தில் இதே முடிவு பேரிடராகியிருக்கலாம். அவர்கள் செலவைச் சுருக்கி வாழப் பழகியவர்கள். வருவாய் இல்லாத மாதங்களை எத்தனை நாள் தாங்க முடியும் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. பணியை விட விரும்புவோர் முதலில் எழுதிப் பார்க்க வேண்டிய தாள் அந்தக் கணக்குத்தாள். வாடகை, பள்ளிக் கட்டணம், முதியோர் மருந்து, திருப்பிக் கட்ட வேண்டிய கடன் ஆகியவற்றை ஒருபுறமும், சேமிப்பை மறுபுறமும் எழுதி வகுத்தால் எத்தனை மாதம் என்பது தெரிந்துவிடும். அந்தத் தாளை வீட்டாரிடம் காட்டாமல் மடித்து வைப்பவர் இரண்டு பேருடைய வாழ்வுக்குத் தாம் ஒருவரே முடிவெடுக்கிறார்.

2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமதி புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டில் தைரோகேர் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. 2021 இல் நிறுவனத்தின் 66 விழுக்காட்டுப் பங்குகளை ஏறத்தாழ 4,546 கோடி ரூபாய்க்கு வாங்க, ஃபார்ம்ஈஸியின் தாய் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக நடத்திய தொழிலிலிருந்து வேலுமணி அதன்பின் விலகினார்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் பொருள் எதனையும் விற்காமல் சேவையை மட்டும் விற்கும் ஒருவரைச் சந்தியுங்கள். பாவு பிணைப்பவர், மின்பணியாளர், தையற்கலைஞர் என எவராகவும் இருக்கலாம். அவரிடம் முதல் வாடிக்கையாளர் எவ்வாறு வந்தார் என்பதைக் கேட்டு, அவர் சொற்களிலேயே ஒரு பக்க அளவில் எழுதுக.

சோதனைக்கு 40 நோயாளிகள் வந்தால், பாடத்தில் கூறிய கற்பனைக் கணக்கின்படி அளவுகோலுக்குச் செலவாகும் குழாய்களின் பங்கு எவ்வளவு? கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

"வேலுமணியின் முடிவினும் சுமதியின் முடிவே கடினமானது." இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.